பலா மரத்தடியில் விட்டதாகச் சொன்னது

ஏப்ரல் 28, வெள்ளி

காலை முழுவதும் விடைத்தாள் திருத்தினேன். நாற்பத்திரண்டு தாள். தவளையின் இதயத்தில் நான்கு அறைகள் என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள் போல. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை; மோட்டார்க்காரன் நாளை வருகிறேன் என்கிறான், மூன்றாவது நாளாக.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன்.

"அருளப்பன் சாருங்களா? பாம்பு நோட்டீஸ் ஒட்டுன சாரு?"

இரண்டு வருடங்களுக்கு முன்னால் தாண்டிக்குடிப் பக்கம் பதினோரு காப்பி எஸ்டேட்டுகளில் நோட்டீஸ் ஒட்டினேன். மஞ்சள் கழுத்துக் கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்வது. 1886இல் ஒரு வெள்ளைக்கார சர்வேயர் பிடித்து லண்டனுக்கு அனுப்பிய ஒன்றுதான் உலகத்தில் இருக்கும் ஒரே சான்று. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இனமே அழிந்துவிட்டது என்று பாதிப் பேர், அப்படி ஓர் இனமே கிடையாது என்று மீதிப் பேர். பழைய படத்தைப் பார்த்து நானே வரைந்து, கீழே 'இதைக் கண்டால் கொல்லாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். இதுவரை அந்த நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் காட்டியது: சாரை இரண்டு, மண்ணுளி ஒன்று, பெரிய மண்புழு ஒன்று.

"வெள்ளரிக்கரை எஸ்டேட்டுல இருந்து வேலுத்தாய் பேசறேன் சார். களை கொத்திக்கிட்டு இருந்தேன். மம்பட்டி ஒரு வெரல் தள்ளி விழுந்துச்சு, இல்லேன்னா ரெண்டு துண்டு. கழுத்துல மஞ்சப் பட்டை இருக்கு. நோட்டீஸுல இருக்கிற அதேதான்."

"வால் எப்படிம்மா இருக்கு?"

"வாலா? அருவாளால சீவிவிட்ட மாதிரி மொட்டையா இருக்கு. சொரசொரன்னு மண்ணு ஒட்டிக்கிட்டு. கூடையில மண்ணப் போட்டு மூடி வச்சிருக்கேன். எல்லாரும் அடிச்சுப் போடுங்கறாங்க. வெரசா வாங்க."

நோட்டீஸில் நான் வாலை வரையவில்லை. காகிதத்தில் இடம் போதவில்லை. அவள் நோட்டீஸைப் பார்த்துச் சொல்லவில்லை; கேடயவாலின் வால் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 29, சனி

பார்த்துவிட்டேன். கையில் எடுத்துவிட்டேன்.

ஐந்தரைக்குக் கிளம்பி, சித்தரேவு வழியாக ஏறி, எட்டரைக்கு எஸ்டேட்டில் இருந்தேன். வேலுத்தாய்க்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. இரவு முழுக்கக் கூடையைத் தன் வீட்டு அடுப்படியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறாள். மகன் வீட்டுக்குள் வர மறுத்து அத்தை வீட்டில் போய்ப் படுத்தானாம்.

ஒன்றரைச் சாண் நீளம். கட்டைவிரல் பருமன். கறுப்பு என்று நினைத்தால் வெயிலில் ஊதாவும் பச்சையும் ஓடுகிறது, தண்ணீரில் எண்ணெய் விட்டதுபோல. கழுத்தில் மஞ்சள் பட்டை, மஞ்சளை அரைத்து விரலால் பூசிய மாதிரி. கடிக்கவில்லை, சீறவில்லை. என் விரலிடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்து மண்ணைத் தேடியது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மலைப் பக்கம் அலைய ஆரம்பித்து இருபத்தாறு வருடம். கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினேன்.

"வயிறு கனமா இருக்கு பாருங்க சார். சினையா இருக்கும்" என்றாள்.

செதில்களை எண்ண வேண்டும், சரியான வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். அங்கே முடியாது. வனத்துறையில் எனக்கு இருக்கும் அனுமதி பார்க்கவும் படமெடுக்கவும் மட்டும். உயிரைக் கீழே கொண்டுபோக அல்ல. ஆனால் மூன்று நாள்தானே.

வேலுத்தாய் கூடையைக் கொடுக்கவில்லை. "எங்க கொண்டு போறீங்க?"

"காலேஜுக்குத்தாம்மா. அளந்து படம் எடுத்துட்டு செவ்வாய்க்கிழமை கொண்டாந்துருவேன்."

"இதே எடத்துல விடணும். பிள்ளத்தாச்சிய வேற எங்கயும் விட்டுறக் கூடாது."

"இதே பலா மரத்தடியில, உங்க கண்ணு முன்னாடி விடறேன். சத்தியமா."

அப்புறம்தான் கொடுத்தாள். பாம்போடு அந்த இடத்து மண்ணையும் இரண்டு கை அள்ளி என் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆய்வகத்தில் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை. செதில் எண்ணிக்கை லண்டன் குறிப்போடு ஒத்துப்போகிறது. படங்களைப் பெங்களூருக்கு, திருமாறனுக்கு அனுப்பினேன். கேடயவால் பாம்புகளில் இன்று அவனுக்குமேல் தெரிந்தவர் இல்லை. என்னைவிட இருபது வயது இளையவன். ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டான். போனில் கத்தினான். "சார், நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

என் மனைவி பிலோமினா இரவு பால் பாயசம் வைத்தாள்.

மே 2, செவ்வாய்

கல்லூரிக் கூட்ட அறையில் பத்திரிகையாளர்கள். பதினொன்றுக்கு ஆரம்பிப்பதாக இருந்தது, பன்னிரண்டு ஆகிவிட்டது. கல்லூரிச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். பிறகு விருந்து. மூன்று மணிக்கு முடிந்தது.

மலைக்குப் போகவில்லை. இன்று முடியாமல் போய்விட்டது.

கடுமையான வெயில். நூற்று நான்கு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள்.

மே 3, புதன்

நான்கு பத்திரிகைகளில் படம். ஒன்றில் முதல் பக்கம். '137 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு'. பெயரை அருளப்பர் என்று போட்டிருக்கிறார்கள். மோட்டார்க்காரன்கூட வந்துவிட்டான், பாம்பு சார் வீடு இதுதானா என்று கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறினான்.

பத்து மணிக்கு வேலுத்தாய் கூப்பிட்டாள். "நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தேன் சார். வரலியே?"

"இன்னிக்கு விடியக்காலமே வந்து விட்டுட்டேம்மா. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

"ஐயோ, அப்படியா! எங்கிட்டச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே. பலா மரத்தடியிலதான?"

"அங்கதான்."

"உள்ள போயிருச்சா?"

"உடனே போயிருச்சு."

"நல்லது சார். நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க."

ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் எழுதவில்லை.

மே 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க எழவில்லை. "என்னங்க?" என்று பிலோமினா பார்த்தாள். நற்கருணைக்கு முன் எதுவும் சாப்பிடக் கூடாது; வரும் வழியில் காபி குடித்துவிட்டேன் என்றேன். நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனோம்.

மே 10, புதன்

வாழ்த்துகள் நிற்கவில்லை. ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிடுகிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மே 16, செவ்வாய்

திருமாறன் வந்துவிட்டான். வேண்டாம், மழை வரட்டும் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன், மழை பெய்துவிட்டது. படம் மட்டும் போதாது, இன்னொன்றையாவது உயிரோடு பார்த்து, வாலிலிருந்து ஒரு சின்னச் செதிலை எடுத்து மரபணுச் சோதனை செய்தால்தான் உலகம் நம்பும் என்கிறான். முறையான அனுமதிக் கடிதத்தோடு வந்திருக்கிறான். அதை எடுத்து என்னிடம் காட்டினான். நான் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

வெள்ளரிக்கரையில் வேலுத்தாய் எங்களுக்காகக் காத்திருந்தாள். பலா மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கல் அடுக்கி வைத்திருக்கிறாள். அதற்குள் யாரும் கொத்துவதில்லை, மருந்தடிப்பதில்லை. அவளும் இன்னும் நான்கு பெண்களும் பேசி வைத்துக்கொண்டு செய்தது. காய்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துப் போட்டிருக்கிறாள், ஈரம் காயாமல் இருக்க.

"எந்த எடம் சார், சரியா?" என்று கேட்டான் திருமாறன்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். "இங்க. வேருக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல."

வேலுத்தாய் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே மண்ணைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மே 19, வெள்ளி

நான்கு நாள். திருமாறன் முழங்காலில் ஊர்ந்து, சின்ன முள்கரண்டி போன்ற ஒன்றால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறினான். பேன்ட் முழங்காலில் கிழிந்து, தோல் உரிந்து, அதில் மண் ஏறியிருக்கிறது. மண்புழு, வண்டுப் புழு, இரண்டு பூரான். வேறொன்றுமில்லை.

"நீங்க விட்டுப் பதினாறு நாள்தான சார் ஆகுது. சினைப் பாம்பு. ரொம்ப தூரம் போகாது" என்று இன்று மதியம் மறுபடியும் சொன்னான். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிளறினேன். நான்கு நாளும் கிளறினேன்.

மே 20, சனி

திருமாறனை மதுரையில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டுக்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று, மே 2ஆம் தேதி, பெட்டியைக் காரின் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பேட்டி முடிந்ததும் அப்படியே மலையேறுவதாக எண்ணம். பத்தரைக்குக் காரை வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். நிழல் இருந்தது. மதியம் ஆனால் அந்த நிழல் சுவர்ப் பக்கம் போய்விடும் என்பது இருபத்தாறு வருடமாக அங்கே வண்டி நிறுத்துகிற எனக்குத் தெரியும்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் சுலபமாக இருக்கும். மறக்கவில்லை. பன்னிரண்டரைக்கு நினைவு வந்தது. செயலாளர் அப்போதுதான் மைக்கை வாங்கி, "இத்தனை வருஷமா இப்படி ஒரு மேதை நம்ம கூடவே இருந்தும் நமக்குத் தெரியலை" என்று பேச ஆரம்பித்திருந்தார். என்னைப் பற்றி யாரும் மைக்கில் பேசியதில்லை. இரண்டு முறை பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முடியட்டும், பத்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு பொன்னாடை. பிறகு இலை போட்டுவிட்டார்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பெட்டி ஞாபகம் சோறு பிசையும்போதும் இருந்தது. எழுந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கார்க் கதவைத் திறந்தேன். கைப்பிடி சுட்டது. பெட்டியில் மண் காய்ந்து பாளமாகியிருந்தது. அது மண்ணுக்குள் போக முயன்று, முடியாமல், மூலையில் வளைந்து கிடந்தது. மஞ்சள் பட்டை வெளுத்துப் போயிருந்தது.

ஜாடியில் போடுவதற்கு முன் வயிற்றைத் திறந்தேன். நான் விலங்கியல் ஆசிரியர். அது கை போகிற போக்கில் நடந்த வேலை. உள்ளே ஐந்து குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு தீக்குச்சி நீளத்துக்குக் கொஞ்சம் கூட. ஐந்துக்கும் கழுத்தில் பட்டை வந்திருந்தது.

ஜாடி என் அலமாரியில், பழைய பல்கலைக்கழக வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஜாடியை வெளியே எடுத்தால் அனுமதியில்லாமல் கொண்டுவந்தது தெரியும். எடுக்காவிட்டால் அந்த இனம் இருக்கிறது என்பதற்கு என் வாய்ச்சொல்லும் பன்னிரண்டு படங்களும்தான்.

மே 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பிலோமினா காரணம் கேட்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. வேலுத்தாயிடமிருந்து மூன்று அழைப்புகள். வகுப்பில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒன்றுதான் வகுப்பு நேரம்.

ஜூன் 13, செவ்வாய்

மறுபடியும் கூப்பிட்டாள். எடுத்தேன். புதுக் கன்று நடக் குழி வெட்டுகிறார்களாம். பலா மரத்தடியிலும் ஆறு குழி என்று மேஸ்திரி சடையாண்டி குச்சி ஊன்றிவிட்டார். இவளும் நான்கு பேரும் வெட்ட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை மேனேஜர்கிட்டப் பேசுங்க சார். இல்லேன்னா காலேஜு சீல் வச்சு ஒரு கடுதாசி குடுங்க. அது எப்ப வேணா குட்டி போடும் சார். இந்த ஒரு மாசம் தாண்டிட்டாப் போதும்."

"பார்க்கறேம்மா" என்றேன்.

வெட்டட்டும், அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடியவில்லை. வெட்டாதீர்கள் என்று பொய்க்கு ஒரு சீல் வைத்துக் கொடுக்கவும் முடியவில்லை. கடிதத்தை எழுதினேன். முதல்வரிடம் கொண்டுபோகாமல் கிழித்தேன்.

ஜூன் 17, சனி

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். இரண்டாமாண்டுக்குப் பாடத்திட்டம் மாறியிருக்கிறது. வேலுத்தாய் கூப்பிடவில்லை.

ஜூன் 21, புதன்

இன்று மாலை அவள் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். மாற்றி எழுதத் தோன்றும் என்பதால்.

"சார், வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, ஒரு விசயம் சொல்லலாம்னு. அந்த எடத்த வெட்டிட்டாங்க சார். என்னைய ஒரு வாரமா வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டாரு மேஸ்திரி. மத்த நாலு பேரும் பாவம், என்ன பண்ணுவாங்க, போயிட்டாங்க. திங்கக்கெழம வெட்டியிருக்காங்க. நான் சாயங்காலமா வேலிக்குள்ள பூந்து போயி, வெட்டிப் போட்ட மண்ணப் பூராம் கையால கிளறிப் பாத்தேன். நேத்தும் பாத்தேன். ஒண்ணும் அடிபட்டுக் கெடக்கல சார். ரத்தம் கித்தம் இல்ல. தப்பிச்சு ஓடைப் பக்கம் போயிருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஆனா சொல்ல முடியாதுல்ல. நீங்க அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக் கொண்டாந்து விட்டீங்க. என்னால பாத்துக்க முடியல. மன்னிச்சுக்கங்க சார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. 'பரவாயில்லைம்மா' என்று சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

பிலோமினாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் பொம்பள உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அப்படித்தான?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"வேலை போயிரும், கேசு வரும், எல்லாம் வரட்டும். அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மேல போயிட்டு வாங்க."

ஜூன் 24, சனி

ஜாடியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கார் ஓட்ட மனம் வரவில்லை. கண்டக்டர் ஊறுகாயா சார் என்று கேட்டார்.

வேலுத்தாய் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சார், நீங்களே வந்துட்டீங்களா" என்று நாற்காலி எடுக்க உள்ளே ஓடினாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பேட்டி, கார், வெயில், மறுநாள் போனில் சொன்ன பொய், திருமாறனிடம் கை நீட்டிக் காட்டியது, எல்லாம். துண்டைப் பிரித்தேன்.

அவள் ஜாடியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. குட்டிகளை எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"அஞ்சா" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு வாரம் வேலையில்லாம இருந்ததுகூட எனக்குப் பெருசில்ல சார். ராத்திரி பூராம் தூக்கம் வரல. நம்ம பொறுப்புல விட்டுட்டுப் போனாரு, காவு குடுத்துட்டமேன்னு." ஜாடியை என்னிடம் தரவில்லை. "நோட்டீஸுல கொல்லாதீங்கன்னு போட்டிருந்தீங்க. அதப் படிச்சுத்தான மம்பட்டிய நிறுத்துனேன். அன்னிக்கே வெட்டியிருந்தா ஒரு நிமிசத்துல செத்திருக்கும். கார்ல எம்புட்டு நேரம் கெடந்துச்சு?"

"நாலரை மணி நேரம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றேன்.

"அது இருக்கட்டும். திங்கக்கெழம காலைல ஏழரைக்குப் பேர் கூப்புடுவாங்க. எல்லாரும் நிப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. என்னையப் பாம்புக்காரிங்கறாங்க. பைத்தியம்னு மேஸ்திரி சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லேன்னு சொல்லுங்க."

நாற்காலி வெளியிலேயே கிடந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஜாடியை நான்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூன் 26, திங்கள்

எழுபது பேர் இருப்பார்கள். ஸ்டோர் முன்னால் வரிசையாக நின்றார்கள். வகுப்பறையில் இருபத்தாறு வருடம் பேசியவன், துண்டில் சுற்றிய ஜாடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சடையாண்டி பேரேட்டை மூடி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், வேலைக்கு நேரமாகுது" என்றார்.

சொன்னேன். பாம்பு செத்தது என்னால். திரும்பக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னது பொய். வேலுத்தாய் அந்தப் பொய்யை நம்பித்தான் அந்த இடத்தைக் காத்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

பின்வரிசையில் ஒரு பெரியவர், "படிச்ச ஆளு" என்று மட்டும் சொன்னார். சடையாண்டிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பேரேட்டைத் திறந்து, "வேலுத்தாயி" என்று பெயர் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள்.

அங்கிருந்து நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போய் ஜாடியை ஒப்படைத்து வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு, "நீங்களா வந்து ஏன் சார் சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் எழுத வாக்குமூலத்தில் இடம் இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

கல்லூரி தற்காலிகப் பணி நீக்கம் செய்துவிட்டது. செயலாளர் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று முதல்வர் சொன்னார். நியாயம்தான்.

திருமாறனுக்குப் போன் செய்தேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, நான் உங்களைத் தப்பா நினைச்சிருக்கவே மாட்டேன் சார். என் கையிலயும் செத்திருக்கு. எல்லார் கையிலயும் செத்திருக்கு." பிறகு குரல் மாறியது. "நான் மண்ணுல தேடிக்கிட்டிருந்தப்ப என் பக்கத்துல உக்காந்து நீங்களும் தேடினீங்களே சார். அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை."

வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 9, புதன்

பத்திரிகைகள் இப்போது வேறு மாதிரி எழுதி முடித்துவிட்டன. இரண்டு வாரமாகக் காய்கறி வாங்கப் பிலோமினாதான் போகிறாள்.

திருமாறனிடமிருந்து மின்னஞ்சல். உயிரினத்தின் உடல் முறைப்படி அவனுடைய நிறுவனத்துக்கு வந்துவிட்டது. மரபணுச் சோதனையும் முடிந்தது. மஞ்சள் கழுத்துக் கேடயவால் என்பது தனி இனம்தான், இருக்கிறது, சந்தேகம் தீர்ந்தது. கட்டுரையில் என் பெயர் வராது என்று எழுதியிருந்தான். எதிர்பார்த்ததுதான். ஆனால் கண்டெடுத்தவர் என்று வேலுத்தாயின் பெயரைப் போட வேண்டும் என்று அவளுக்குப் போன் செய்திருக்கிறான். அவள் மறுத்துவிட்டாளாம். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: 'உசுரோட இருந்தாப் போடுங்க சார். செத்ததுக்குப் பக்கத்துல எம்பேரு வேணாம்.'

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோயிலில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் இளைஞர். பாம்பா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தபோது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

வழக்குக்காக, பாம்பு எடுக்கப்பட்ட இடத்தை நேரில் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வனத்துறையிலிருந்து அழைத்திருந்தார்கள். ஒரு வனக்காப்பாளரோடு ஜீப்பில் போனேன். மலையில் நாலு நாளாக மழை. பலா மரத்தடியில் ஆறு காப்பிக் கன்றுகளும் துளிர்விட்டு நிற்கின்றன. காட்டினேன், அளந்தார்கள், கையெழுத்திட்டேன். அரை மணி நேர வேலை. வனக்காப்பாளர் மேனேஜரிடம் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போனார். ஜீப்புக்குப் போகும் வழியில் நான் தனியாக ஓடைப் பக்கம் இறங்கினேன்.

அங்கே பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாயும் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா சார்" என்றாள், ஊருக்குப் புதிதாக வந்தவரைக் கேட்பது போல.

"இருக்கேம்மா. நீங்க?"

"இருக்கோம்."

பேச வேறொன்றும் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம். "மழை பெஞ்சுருக்கே. மறுபடியும் ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

அவள் கையிலிருந்த களையை உதறினாள். பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று குனிந்துகொண்டாள்.

"இல்ல சார். ஒண்ணும் படல" என்றாள் வேலுத்தாய். குரல் தெளிவாக, நிதானமாக இருந்தது.

நான் ஓடைக் கரையோரம் இரண்டடி வைத்தேன். அவள் மம்பட்டியை ஊன்றி எழுந்து வந்து வழியில் நின்றாள்.

"அந்தப் பக்கம் போகாதீங்க சார். அட்டை ரொம்பக் கெடக்கு."

அட்டைக்குப் பயந்து நான் எங்கேயும் போகாமல் இருந்ததில்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் தோளுக்குப் பின்னால் ஓடைக்கரைச் சரிவு தெரிந்தது. எல்லா இடமும் சுத்தமாகக் களை எடுத்திருந்தது. ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் புல்லும் பெரணியும் இடுப்பளவு நின்றன.

அவள் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"சரிம்மா. நான் வர்றேன்" என்றேன்.

ஜீப் இருந்த இடத்துக்கு மேட்டில் ஏறி வந்தேன். வனக்காப்பாளர் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் எதும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.